யாரும் பதில் கொடுக்காதீங்க

எங்கள் அம்மாவின் குரல் பெரிய குரல். கொல்லை மேட்டில் நின்று கூப்பிட்டால் பள்ளத்தைத் தாண்டி எதிர்ச் சரிவில் இருக்கும் வீடுகள் வரை கேட்கும். ஜமுனாமரத்தூர் சந்தையில் அவள் பேரம் பேச ஆரம்பித்தால் நான் நாலு கடை தள்ளிப் போய் நின்றுகொள்வேன். அவ்வளவு கூச்சமாக இருக்கும். இப்போது அந்தக் குரலுக்குத்தான் ஏங்குகிறேன். செல்போனில் ஒரு தடவைகூட அதைப் பிடித்து வைக்கவில்லை. போன தை மாதம் அம்மா போய்விட்டாள். மார் வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். வண்டி மலை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத வராது.

எழுதுவதே எனக்குப் பழக்கமில்லை. எட்டாவதோடு நின்றவள் நான். ஆனால் என் தங்கச்சியைப் பற்றி அம்மா என்ன ஆசைப்பட்டாள் என்பது முழுசாகத் தெரிந்தவர்கள் நானும் அப்பாவும்தான். அப்பா வாய் திறந்து சொல்லும் ஆள் இல்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரைத் தேட வேண்டுமென்றால் மேட்டில் நின்று "கூ..." என்று நீட்டிக் கூப்பிடுவோம். காதில் விழுந்தவர் "ஓ..." என்று பதில் கொடுக்க வேண்டும். தேடுகிற ஆள் நீங்கள் இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும். "ஓ... இங்க இல்ல, ஓடைப் பக்கம் போனாங்க" என்று சொல்லிவிட வேண்டும். பதில் வராவிட்டால் யாரோ விழுந்துவிட்டார்கள், எதுவோ கடித்துவிட்டது என்று ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். செல்போன் வந்த பிறகும் இது போகவில்லை. டவர் மேட்டில்தான் கிடைக்கும். பள்ளத்தில் இறங்கிவிட்டால் தொண்டைதான்.

தங்கச்சி எந்தக் கூப்பாட்டுக்கும் திரும்பியதில்லை. நேரத்துக்கு நடந்தாள், நேரத்துக்குப் பல் முளைத்தது, பேச்சு மட்டும் வரவில்லை. சாமையைக் கையில் அள்ளி விரல் இடுக்கில் வழியவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பொழுது சாயும் வரை பார்ப்பாள். "அப்பன்கூட லேட்டாத்தான் பேசனான்" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அம்மா அவள் நாக்கில் தேன் தடவினாள், வேண்டிக்கொண்டாள், கடைசியில் மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு போனாள். ஆட்டிசம் என்று அங்கேதான் சொன்னார்கள். அப்பா வெளியே தூணைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த தங்கச்சிக்குக் காவலாக நின்றார். டாக்டர் சொன்னதை அம்மாதான் கேட்டாள், பக்கத்தில் நான் இருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா கேட்டார்.

"மருந்து இன்னா குடுத்தாரு?"

"மருந்து இல்லியாம்."

"அப்ப இன்னாத்துக்கு இம்மாந்தூரம் வந்தோம்?"

"சொல்லிக் குடுத்துகினே இருக்கணுமாம். மெதுவா வருமாம்."

"எப்ப வருமாம்?"

"அத அவரு சொல்லல. நான் சொல்றேன், வரும்."

பஸ் மலை ஏறிக்கொண்டிருந்தது. வளைவு வரும்போதெல்லாம் தங்கச்சி சிரித்தாள். அம்மா அவளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, இவள் பள்ளிக்கூடம் போவாள், பேர் எழுதுவாள், பஸ்ஸில் தனியாகப் போய் வருவாள், கல்யாணம் ஆகும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அந்தப் பஸ் பயணம் இன்னும் பிடித்திருக்கிறது. அம்மா அத்தனை சந்தோஷமாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் அவள் நிற்கவில்லை. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாள். வாத்தியார் நல்லவர், அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு ஜமுனாமரத்தூருக்கு எப்போதாவது இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் ஒருவர் கீழேயிருந்து வந்துபோக ஆரம்பித்தார். அவர் வரும் நாளில் அம்மா கூலிக்குப் போகமாட்டாள். பல் விளக்குவது, தட்டை எடுத்து வைப்பது, உடுப்பு மாட்டுவது என்று ஒவ்வொன்றையும் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு ஜட்டியை நேராகப் போட ஒரு வருஷம் ஆனது. அம்மாவின் ஆசை சின்னதாகிக்கொண்டே போகிறது என்று எனக்குத் தோன்றும். ஒருநாள் சொல்லியும் விட்டேன். அம்மாவுக்குக் கோபம் வரவில்லை.

"சின்னதாவலடி. எட்டாத எடத்துல இருந்தது, இப்ப கைக்கு எட்டற எடத்துக்கு வந்துகினு கீது" என்றாள்.

தங்கச்சி வயசுக்கு வந்த பிறகு, மாத நாட்களில் துணியைத் தானே மாற்றிக்கொள்ளக் கற்றாள். அன்றைக்கு அம்மா அழுதாள். அழுதுவிட்டு அடுத்த சந்தையில் தெரிந்த பெண்களிடம் எல்லாம் சொன்னாள். அப்பாவுக்கு முகம் கருத்துவிட்டது.

"இதப் போயி சந்தையில சொல்லுவாங்களா?"

"ஏன், உன் மாடு கன்னு போட்டத நீ சந்தையிலதான சொன்ன?"

காய்கறிக்கார அக்கா சிரித்துக் கத்தரிக்காயைக் கீழே போட்டுவிட்டாள். அப்பாவும் சிரித்தார். அம்மாவிடம் வாய் கொடுத்தால் அப்படித்தான் முடியும்.

அம்மாவுக்கு இருந்த பயம் ஒன்றுதான். தங்கச்சி எழுந்து நடந்துவிடுவாள். ஓடையில் தண்ணீர் சொட்டும் இடம், மணல் இருக்கும் இடம், புளியமரத்தடி என்று எங்கேயாவது போய் உட்கார்ந்துவிடுவாள். அம்மா மேட்டில் நின்று கூப்பிடுவாள். தங்கச்சி பதில் கொடுக்க மாட்டாள், ஆனால் பதில் வந்துவிடும். "இங்க கீறா ம்மா, எங்க புளியாமரத்தண்ட!" என்று சின்னம்மா வீட்டிலிருந்து ஒரு குரல். "ஓடையில கீறா, நான் பாத்துக்கறேன்!" என்று இன்னொரு குரல். எத்தனையோ வருஷம் அப்படியே ஓடியது.

"நானும் உங்கப்பனும் போய்ட்டா இன்னா ஆவறது?" என்று அம்மா என்னிடம் கேட்பாள். "நீ ஒரு வூட்டுக்குப் போயிடுவ. இவ காட்டுல எங்கனா வழி தெரியாம நின்னா? ஒரே ஒரு ஓ குடுத்தா போதும். யாராச்சும் வந்து இட்டுகினு போயிடுவாங்க. அது வந்துட்டா எனுக்கு வேற ஒண்ணும் வாணாம்."

பள்ளிக்கூடமும் கல்யாணமும் போய் அந்த ஒரு எழுத்தில் வந்து நின்றது அம்மாவின் ஆசை. வீட்டுக்குள் தங்கச்சிக்கு அது வரும். அம்மா அவள் தாடைக்குக் கீழே கையை வைத்து, முகத்தைப் பார்த்துக் "கூ" என்று மெதுவாகச் சொன்னால், அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு "ஓ" என்பாள். கையை எடுத்தால் வராது. ஒரு அடி தள்ளி நின்றாலும் வராது.

ஒருமுறை அந்த டீச்சர் எங்கள் ஊருக்கே வந்தார். அம்மா அவரை மேட்டுக்குக் கூட்டிப்போய்க் கூப்பிட்டுக் காட்டினாள். கூ முடிவதற்குள் நாலு பக்கத்திலிருந்தும் பதில் வந்தது. டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அவ எதுக்குங்க பதில் சொல்லணும்? அவளுக்காகத்தான் ஊரே சொல்லுதே. கொஞ்ச நாள் எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லிப் பாருங்க."

அம்மா மறுநாளே வீடு வீடாகப் போனாள். நானும் கூடப் போனேன். எதிர்ச் சரிவில் அப்பாவுக்கு அண்ணன் முறை ஆகும் பெரியப்பா வீடு. அவருக்கு விஷயம் ஏறவே இல்லை.

"கூப்புட்டா பதில் குடுக்காம இருக்கறதா? இன்னா ம்மா பேசற நீ? சாவு வூடுன்னு நெனைச்சிக்குவாங்க."

"எல்லாத்துக்கும் இல்ல மாமா. நான் ஒரு கூ போட்டா அது உங்களுக்கு. சேத்து ரெண்டு போட்டா அது அவளுக்கு. அதுக்கு மட்டும் யாரும் பதில் கொடுக்காதீங்க."

"வாய் நிக்கணுமே ம்மா. பொறந்ததுல இருந்து குடுத்துப் பழகன வாயி."

"வெத்தல போட்டு மென்னுகினு இரு மாமா."

அன்று சாயங்காலம் அம்மா சேர்ந்தாற்போல ரெண்டு கூ போட்டாள். சரிவு முழுவதும் அமைதி. எனக்கே மயிர்க்கூச்சு எடுத்தது. அப்படி ஒரு அமைதியை நான் அங்கே கேட்டதில்லை. கொஞ்ச நேரம்தான். எதிர்ச் சரிவிலிருந்து பெரியப்பா குரல் வந்தது.

"நான் பதில் குடுக்கல ம்மா! ஆனா அவ எங்க களத்துலதான் கீறா!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். அதற்கப்புறம் ரெண்டு கூ கேட்டாலே சின்னம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்பாள். பிள்ளைகள் வாயைத் திறந்தால் முதுகில் ஒன்று விழும். நாய்கள் மட்டும் குலைத்துக்கொண்டிருந்தன. "அதுங்களுக்கு யாரு போய் சொல்றது?" என்று அப்பா கிண்டல் செய்தார்.

மெல்ல மெல்ல ஊர் பழகிக்கொண்டது. தங்கச்சி பழகவில்லை. அம்மாவுக்குத் தொண்டை கட்டியது, சுடுதண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். சாமை அறுப்பு சமயத்தில் ஒருநாள் தங்கச்சி வந்தாள். யாரும் இட்டுவரவில்லை. கை நிறைய மணலோடு மேட்டில் ஏறி வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில், வேறு பக்கம் பார்த்தபடி நின்றாள். நான் சத்தம் போட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் அரிவாளோடு ஓடி வந்தார். அதற்கப்புறம் பல நாள் வந்தாள். பதில் மட்டும் கொடுக்கவில்லை.

அதில்தான் ரெண்டு பேருக்கும் சண்டை.

"வந்துட்டா இல்ல, இதோட வுடு" என்றார் அப்பா. "ஊருக்கே வாய்ப்பூட்டு போட்டுட்ட."

"வர்றது வேற, பதில் வேற. கால் ஒடிஞ்சி கெடந்தா எப்டி வருவா?"

"உனுக்குப் பேராச."

"உனுக்குத்தான் ஆசையே இல்ல."

"இப்டியே துன்னுகினு, தூங்கிகினு, நல்லா இருந்தா போதும் எனுக்கு. வராதத வரும் வரும்னு நீதான் உசுர வுடற."

அம்மா அன்றைக்கு அப்பாவுக்குக் களி போட்டு வைத்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டாள். காலையில் அப்பாதான் முதலில் பேசினார். சாயங்காலம் அம்மா மறுபடி மேட்டுக்குப் போனாள்.

தை பிறந்து அம்மா போனாள். வாசலில் அவளைக் கிடத்தியிருந்தபோது தங்கச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அழவில்லை. அம்மாவின் கையை எடுத்துத் தன் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். "ஓ" என்றாள். கையை விடாமல் திரும்பத் திரும்ப "ஓ" என்றாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். அப்பா எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, ஒருநாள் தங்கச்சியைக் காணோம். நான் மேட்டில் ஏறி ரெண்டு கூ போட்டேன். எந்தப் பக்கமும் சத்தமில்லை. ஊரே இல்லாமல் போனதுபோல் இருந்தது. எதிர்ச் சரிவைப் பார்த்தேன். பெரியப்பா களத்தில் நின்றிருந்தார். என்னைத்தான் பார்த்தார், வாயைக் கையால் மூடியிருந்தார். சின்னம்மா வாசலில் அசையாமல் நின்றிருந்தாள். அம்மா சொன்னதை அவர்கள் அப்படியே வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அம்மா செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. மேட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு இறங்கிப் போய்த் தேடினேன். தங்கச்சி ஓடையில் ஈர மணலைப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் கூப்பிட்டது அந்த இடத்துக்கு நன்றாகக் கேட்கும். என் குரலுக்கு அவள் வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் கேட்கத் தயங்கி என்னிடம் கேட்டார்.

"இன்னா ம்மா செய்யறது? பதில் குடுக்கட்டுமா, வாணாவா? உங்கம்மா போதும்னு சொல்லாமயே போயிடுச்சி."

நான் அப்பாவைப் பார்த்தேன். இதோடு விட்டுவிடலாம் என்பார் என்றுதான் நினைத்தேன். அவர் பெரியப்பாவிடமே சொன்னார்.

"குடுக்க வாணாம் ணா. இன்னும் கொஞ்ச நாளு அப்டியே இருக்கட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ கூப்புடற மாரி கூப்புட்டா யாரு வருவா? கோழிய வெரட்டற மாரி கீது. உங்கம்மா மாரி நீட்டணும்" என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலத்தில் நான் கூப்பிடுகிறேன். வேலைக்குப் போய் வந்தால் அப்பா முதலில் கேட்பது இதைத்தான். "இன்னிக்கி எதுவரைக்கும் வந்தா?" சில நாள் அவள் அசைவதே இல்லை. சில நாள் எழுந்து, ஓடைக்கும் மேட்டுக்கும் நடுவில் இருக்கும் பலாமரம் வரை வந்து நின்றுவிடுகிறாள். அங்கே நின்று மேட்டைப் பார்க்கிறாள். நான் அம்மா இல்லை என்று தெரிந்துதான் நிற்கிறாளோ என்னவோ. "பலாமரம் வரைக்கும்பா" என்று சொன்னால் அப்பா தலையை ஆட்டுவார். "பாதி வந்துட்டா இல்ல" என்பார். ஆசையே இல்லை என்று அம்மா திட்டிய மனிதர்.

நேற்று அப்பா சீக்கிரம் வந்துவிட்டார். என்னோடு மேட்டுக்கு ஏறினார். "நான் கூப்புடறேன்" என்றார். அவர் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. ஒன்று நன்றாகப் போனது. ரெண்டாவதில் குரல் உடைந்து கீச்சென்று வந்தது. எதிர்ச் சரிவில் யாரோ சிரித்து உடனே அடக்கிக்கொண்டார்கள். அப்புறம் சத்தமில்லை. நாங்கள் இரண்டு பேரும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஓடைப் பக்கமிருந்து கல்லோடு கல் தட்டும் சத்தம் வந்தது.

"அவதான?" என்றார் அப்பா.

"அவதான்பா. ஆனா அவ எப்பவும் தட்டுவா. நம்மளுக்குன்னு சொல்ல முடியாது."

"நான் கூப்புடறதுக்கு மின்ன தட்டிகினு இருந்தாளா?"

நான் யோசித்தேன். கவனித்திருக்கவில்லை. சத்தம் நின்றுவிட்டது. அப்பா கையை நீட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

"இரு. முழுசா நிக்கட்டும். நின்னப்புறம் இன்னொரு வாட்டி கூப்புடறேன். மறுக்கா தட்டறாளான்னு பாக்கலாம்."

வாயருகில் கையைக் குவித்துக்கொண்டு காத்திருந்தார்.