தேவகி எடுத்துத் தந்த எழுத்துகள்

செவ்வாய்க்கிழமை காலை தேவகியின் கணவர் போனில் அழைத்தார். "விடியக்காத்தால போய்ட்டா சார். வலி இல்லாம, தூக்கத்துலயே போய்ட்டா." புற்றுநோயோடு தேவகி பட்ட பாட்டை அறிந்த, இங்கே அஞ்சலிக்குக் கூடியிருக்கும் நமக்கெல்லாம் அழுகைக்கு முன் ஒரு நிம்மதிப் பெருமூச்சுதான் வந்திருக்கும். எனக்கு வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவர் நடத்திய கணினி மையம் உங்களில் பலருக்குத் தெரியும். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அங்கே முதலில் போனபோது ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பாடங்கள் இருந்த இணையதளம் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் ஏதோ பழைய எழுத்துருவில் அமைந்திருந்தது. பார்ப்பவர்களுக்கு நல்ல தமிழ். திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் என் கணினியின் வாசிப்புக் குரலுக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துகள். அதுவரை வாசித்துக்காட்டிய தங்கை வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டாள். தேர்வு நெருங்கிவிட்டது.

மையத்தில் அந்தக் குரலை ஓடவிட்டேன். தேவகி விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா சார் இது, பேய் புடிச்ச மாதிரி பேசுது?" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சொன்னார்: "என் கண்ணுக்குத் தெரியுது இல்ல? அப்போ எடுத்துடலாம்."

தளத்தை நடத்தியவரிடம் முதலில் அனுமதி வாங்கினார். பிறகு, திரையில் தெரிவதை அப்படியே படமெடுத்து, அதிலிருந்து எழுத்துகளை இனங்கண்டு உரையாக்கும் நிரல் ஒன்றை எழுதினார். முதலில் அது துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொண்டு, "பாடம்" என்பதைப் "பரடம்" என்றது. புரியாத இடங்களில் தானாகவே ஒரு சொல்லைப் போட்டு நிரப்பியது. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது, விடுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டும் சார். அது இட்டுக்கட்டறத நீங்க பரீட்சைல எழுதிட்டு வந்தா யாரு பதில் சொல்றது?" அந்த இடங்களை எல்லாம் அவரே பார்த்துத் திருத்தினார்.

ஒரு மதியம் முதல் பாடத்தைக் குரல் தடங்கலின்றி வாசித்து முடித்தது. இனி யாரையும் கெஞ்ச வேண்டாம். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். மேசைமேல் அப்படியே கவிழ்ந்துவிட்டேன். "அழாதீங்க சார், கீபோர்டு நனையுது," என்றார். தேர்வில் தேறினேன். இன்று அவலூர்பேட்டையில் தமிழாசிரியராக இருக்கிறேன்.

போன மாதம் தேவகியைப் பார்க்கப் போனபோது, திரையைப் பார்த்தாலே கண் கூசுகிறது, கதை படித்து நாளாயிற்று என்றார். பையிலிருந்த பிரெயில் புத்தகத்தை எடுத்து, விரலால் தடவி ஒரு கதையை வாசித்தேன். வெளியூரில் மாட்டிக்கொண்டவன் வீடு திரும்பும் கதை. அவர் மூச்சு சீரானது. தூங்கிவிட்டார் என்று நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? அவன் வீட்டுக்குப் போனானா இல்லயா?"

முழுவதும் வாசித்தேன். கடைசி வரியில், "அப்பாடா, போய்ச் சேந்துட்டான்," என்றார்.

அவருடைய அந்தக் குரலைத்தான் நான் நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.