மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே

அந்த நூலகத்தில் அவரை எல்லோரும் முத்திரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக, புதுப் புத்தகம் எது வந்தாலும் முதல் பக்கத்தில் நூலக முத்திரை குத்துவது அவர் கைதான். புத்தகத்தைக் கழித்துக் கட்டும்போது சிவப்பு மையில் ‘நீக்கப்பட்டது’ என்று குத்துவதும் அதே கை.

புதிதாக மாற்றலாகி வந்த நூலகருக்கு முப்பத்திரண்டு வயது. கெட்ட மனிதர் இல்லை. மாடி அறையில் ஆறு கணினி வைக்க அனுமதி வாங்கியிருந்தார். அதற்கு நான்கு அலமாரிகள் காலியாக வேண்டும். எதைக் கழிப்பது என்று மண்டையைக் குடைந்துகொண்டவர், புத்தகம் விற்று, வாசகர்களை நட்சத்திரம் போடச் சொல்லும் ஓர் இணையதளத்தைத் திறந்தார். மூன்றுக்குக் கீழே வாங்கியவற்றை எல்லாம் பட்டியல் எடுத்து, ஒரு திங்கட்கிழமை காலை அக்காவின் மேஜையில் வைத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு தலைப்புகள்.

“இதெல்லாம் பழைய பேப்பருக்குப் போயிடலாம் மேடம். முத்திரை குத்திடுங்க.”

“இதெல்லாம் மோசம்னு யாரு சார் சொன்னது?”

“படிச்சவங்கதான்.”

“அப்ப நானும் படிச்சுட்டுக் குத்தறேன்.”

“இருநூத்திப் பன்னிரண்டையுமா?”

“ஒவ்வொண்ணுலயும் அம்பது பக்கம்.”

நூலகர் சிரித்துக்கொண்டே, தச்சர் கணினி மேஜைகளைச் செய்து முடிக்கும்வரை நேரம் கொடுத்தார். தச்சர் பன்னிரண்டு வாரம் இழுத்தடித்தார்.

அக்கா தினமும் மூன்று புத்தகங்களைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கிப் போனார். யாரோ முகம் தெரியாதவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லப் புத்தகம் குப்பைக்குப் போவதா என்ற ஆவேசம் அவருக்கு. அந்த ஆவேசம் நான்கு நாள்கூடத் தாங்கவில்லை. முதல் பதினொரு புத்தகங்களும் சகிக்கவில்லை. ஒரு நாவலில் கதாநாயகனின் அண்ணன் இருபதாம் பக்கத்தில் செத்து, முப்பத்தைந்தாம் பக்கத்தில் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். நினைவாற்றலை வளர்க்கும் ஒரு புத்தகத்தில் ஒரே அத்தியாயம் இரண்டு முறை அச்சாகியிருந்தது.

“இந்த ஆளுக்காகவா நான் மல்லுக்கு நின்னேன்?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அடுப்படியில் நின்ற கணவர் எட்டிப் பார்த்தார். அவர் தண்ணீர் மோட்டார் மெக்கானிக். வீட்டின் முன்னறைதான் பட்டறை.

“எத்தனை ஸ்டார்?”

“ஒண்ணே முக்கால். அதுவே அதிகம்.”

பன்னிரண்டாவது புத்தகம், கலங்கரை விளக்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த ஒருவர் எழுதியது. மதிப்பெண் ஒன்று புள்ளி எட்டு. பேருந்தில் பிரித்த அக்கா இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தார். மறுநாள் நூலகத்தில் அந்தத் தளத்தைத் திறந்து, வாசகர்கள் அப்படி என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தார். மொத்தம் ஐந்தே பேர். ‘மழையில் நனைந்து வந்தது’ என்றார் ஒருவர். ‘நீல அட்டை கேட்டேன், பச்சை வந்தது’ என்றார் இன்னொருவர். ‘மகனுக்கு வாங்கினேன், அவன் தொடவே இல்லை’ என்று ஒரு தாய். நான்காமவர் காரணமே எழுதவில்லை. படித்திருந்தவர் ஐந்தாமவர் ஒருவர்தான். அவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்.

அன்றிலிருந்து அக்காவுக்கு இரண்டு பக்கமும் கோபம். எழுதத் தெரியாமல் எழுதியவன்மேல் ஒரு கோபம், படிக்காமல் மதிப்பெண் போட்டவன்மேல் ஒரு கோபம். நோட்டில் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே, அதற்குக் கிடைத்த மதிப்பெண் ‘தகும்’, ‘தகாது’ என்று எழுதிக்கொண்டு வந்தார்.

ஆறாவது வாரம் பையிலிருந்து வெளியே வந்தது, மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றும் முறை பற்றிய ஒரு கையேடு. ஒரே ஒருவர்தான் மதிப்பெண் போட்டிருந்தார், அதுவும் ஒற்றை நட்சத்திரம். அட்டையைப் பார்த்ததும் அக்கா எழுந்து பட்டறைக்குப் போனார். கணவரின் வேலை மேசையில், கிரீஸ் அப்பி, முனை மடங்கி, அதே புத்தகம் திறந்து கிடந்தது.

“இது நல்ல புத்தகமாங்க?”

“இது இல்லாம எனக்கு ஒரு வேலை ஓடாது. ஏன் கேக்கற?”

“இதுக்கு யாரோ ஒரு ஸ்டார் போட்டிருக்காங்க. அதனால பேப்பர்காரனுக்குப் போகப்போகுது.”

கணவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“நான்தான் போட்டேன்னு நினைக்கறேன்.”

“நீங்களா?”

“கொண்டு வந்தவன் பக்கத்து வீட்டு வாசல்ல போட்டுட்டுப் போயிட்டான். ரெண்டு நாள் தேடினேன். அந்தக் கடுப்புல அமுக்கிட்டேன்.”

“அவன் தப்புக்கு எழுதினவர் என்னங்க பண்ணுவார்?”

“வேற எங்க போய்ச் சொல்றது? அங்கதான் கேட்டான், எத்தனை ஸ்டார்னு.”

மாற்றச் சொன்னார் அக்கா. கணவருக்குக் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. புதியது கேட்டால் அது எப்போதோ தொலைத்த பழைய செல்பேசி எண்ணுக்குப் போனது. ஒரு மணி நேரம் முட்டி மோதிவிட்டு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒற்றை நட்சத்திரம் அப்படியே இருக்கிறது.

தச்சர் ஒருவழியாக மேஜைகளைக் கொண்டுவந்த வாரம், அக்கா நோட்டை நூலகரிடம் நீட்டினார். தகும் நூற்று முப்பத்தொன்று, தகாது எண்பது. நூலகர் நிதானமாகப் படித்தார். கணவர் கதையைக் கேட்டுவிட்டு, தகாது என்றவற்றில் இருபதுக்கும் குறைவான பேர் மதிப்பெண் போட்டவற்றைத் தொட வேண்டாம் என்று அவராகவே சொன்னார். அதில் எழுபத்தொன்பது புத்தகங்கள் பிழைத்தன. மிச்சம் ஒன்றை அக்காவே சிவப்புப் பேனாவால் அடித்தார். திரும்பப் படித்தபோது அதுவும் தேறவில்லை.

“ஒரு புத்தகத்துக்கு எதிர்ல ஒண்ணுமே எழுதலையே மேடம்?”

அது ஒரு பெண் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டுகளைக் கழுவிக்கொண்டே இருக்கும் நாவல். முந்நூறு பேர் மதிப்பிட்டிருந்தார்கள். இரண்டு புள்ளி இரண்டு. ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்பதுதான் முக்கால்வாசிப் பேரின் புகார்.

“புகார் சரிதான் சார். ஒண்ணுமே நடக்கல.”

“உங்களுக்குப் பிடிச்சுதா?”

“பிடிக்கல.”

“அப்ப கழிச்சிடலாமே.”

“கழிக்க வேண்டாம் சார்.”

“ஏன்?”

பிடிக்காத புத்தகம், ஐம்பது பக்கத்தோடு விட வேண்டியதை ஏன் முழுக்கப் படித்தோம், பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அந்தப் பெண் ஏன் ஞாபகத்துக்கு வருகிறாள் என்பது அக்காவுக்கே விளங்கவில்லை. விளங்காததுதான் எரிச்சல். நூலகர் காத்திருந்து பார்த்துவிட்டு, “முந்நூறு பேர் போட்டிருக்காங்க, விதின்னா விதிதானே மேடம்” என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

அன்று மாலை அக்கா அந்த நாவலைத் தன் உறுப்பினர் அட்டையில் எடுத்துக்கொண்டார். இரவலில் இருக்கும் புத்தகத்தைக் கழிக்க முடியாது. நூற்று முப்பத்திரண்டு புத்தகங்களுக்குச் சிவப்பு முத்திரை விழுந்தது. கணினிகள் வந்தன. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அக்கா அந்த இரவலைப் புதுப்பிக்கிறார். நூலகருக்குத் தெரியும், கேட்பதில்லை.

போன மாதம் ஆள் இல்லாத ஒரு மதியம், புதுக் கணினியில் உட்கார்ந்து அந்த நாவலுக்குத் தானே நட்சத்திரம் போடப் பார்த்தார். இரண்டில் சுட்டியின் அம்பை வைத்தார். மூன்றுக்கு நகர்த்தினார். மறுபடி இரண்டுக்கு வந்தார். கடைசியில் ஒன்றும் போடாமல் கணினியை அணைத்துவிட்டு, அன்றைக்கு வந்து இறங்கியிருந்த புதுப் புத்தகக் கட்டைப் பிரிக்கப் போனார்.