மௌனத்துக்கு நாற்பத்தொரு மதிப்பெண்

குமாரபாளையத்துத் தறிப்பட்டறைகளில் யாரும் பேச்சைக் காதால் கேட்பதில்லை. ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு விசைத்தறிகள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் விழாது. "வாயக் காட்டிப் பேசு சாமி" என்பார்கள். சோறு ஆச்சா, நூல் அறுந்துச்சா, முதலாளி வாராரா எல்லாம் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். தனப்பிரியா அப்படி ஒரு பட்டறையில் வளர்ந்தவள். அம்மா பெரியநாயகியும் அப்பாவும் அடுத்தவர் தறியில் கூலிக்கு ஓட்டியவர்கள். அவர்கள் மகளுக்குக் கொடுக்க முடிந்த ஒரே சொத்து, உதட்டைப் படிக்கும் கண். அரசுக் கல்லூரியில் ஆங்கில எம்.ஏ. முடித்து, நாமக்கல் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தபோது அதையும் கூடவே கொண்டுவந்தாள்.

நம் பள்ளிகளில் ஆங்கிலம் எப்படி ஒலிக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அறுபது பிள்ளைகள் எழுந்து நின்று "குட் மார்னிங் மிஸ்" என்று பஜனைபோல இழுக்கிறார்கள். கேள்வியும் அந்த ராகம், பதிலும் அந்த ராகம். அர்த்தம் தெரியாமல் மந்திரத்தை ஒப்பித்துப் பழகிய சமூகம், ஆங்கிலம் கிடைத்ததும் அதையும் மந்திரமாக்கிக்கொண்டது.

ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில் தனப்பிரியா அந்த ராகத்தை உடைத்தாள். தமிழ்ச் சொல்லில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை. ஆங்கிலத்தில் ஒன்றை அழுத்தி மற்றதை விழுங்க வேண்டும். 'போட்டோகிராஃப்' என்றால் முதல் அசையில் அழுத்தம். படம் எடுப்பவரைச் சொல்லும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவி 'ஃபடாகிரஃபர்' ஆகிவிடும். அழுத்தம் வரும் இடத்தில் மட்டும் பெஞ்சைத் தட்டச் சொல்வாள். பிறகு குரலை நிறுத்திவிட்டு உதட்டை மட்டும் அசைக்கச் சொல்வாள். அதற்கென்று ஒரு வாக்கியம் வைத்திருந்தாள்: "வீ வில் வெயிட்." நாங்கள் காத்திருப்போம் என்று பொருள். மூன்று சொல்லுக்கும் உதடு குவிய வேண்டும். நம் 'வ' போலப் பல்லை உதட்டில் வைத்தால் கடைசி பெஞ்சில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

"தமிழினி, உன்ர பல்லு தெரியுது."

"பாக்காதீங்க மிஸ்."

"நாளைக்குப் பல்ல ஊட்டுலயே வெச்சிட்டு வா."

வகுப்பு சிரிக்கும். தமிழினி கையால் பல்லை மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பாள். ஆறே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் அது கேள்வியாகவே ஒலித்தது.

பள்ளிக்கு அது தேவைப்படவில்லை. தாளாளர் கைலாசம் கோழிப்பண்ணையில் சம்பாதித்துப் பள்ளிக்கூடம் கட்டியவர். ஆங்கிலம் காதில் விழுந்தால் தலையை ஆட்டுவார். அவருக்கும் அந்த மொழிக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். சேர்க்கைக்கு வந்த ஒரு லாரி முதலாளி, வகுப்புச் சத்தம் வராந்தா வரைக்கும் வருகிறதென்று முகம் சுளித்திருக்கிறார். தாளாளர் தனப்பிரியாவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ தறிக்காரங்க ஊட்டுப் புள்ளையா?"

"ஆமாங்க."

"அதான். உன்ர இங்கிலீசுல தறி நூலுக்குப் போடற கஞ்சி வாசம் அடிக்குதுன்னு சொல்றாங்க."

அவர் ஏற்கெனவே ஒரு நிறுவனத்தோடு பேசி முடித்திருந்தார். பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் சொல்வதைத் திருப்பிச் சொல்லும் அறை வரப்போகிறது. நிறுவனத்தின் பயிற்சியாளர் தீனதயாளன் பெங்களூரிலிருந்து ஆசிரியர்களுக்கு உச்சரிப்புத் தேர்வு வைப்பார். ஐம்பதுக்குக் கீழே எடுத்தால் வகுப்பு கிடையாது, ஹாஸ்டல் மேற்பார்வைதான்.

முந்தைய ஆண்டும் அதே நிறுவனம் அந்தத் தேர்வை நடத்தியிருந்தது. தோற்ற நான்கு பேரின் மதிப்பெண்கள் நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. நான்கு பேரும் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள். நகரத்து கான்வென்ட்டில் படித்த மூவருக்கும் எண்பதுக்கு மேல். இதைப் பார்த்துத் தலைவிதி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் இந்த நாட்டில் அதிகம். தனப்பிரியா சந்தேகப்பட்டாள். சந்தேகப்பட்டதைச் சோதித்தும் பார்த்தாள்.

தேர்வு எளிமையானது. தனியறையில் மைக் முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கத்தை ஐந்து நிமிடம் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். பதிவும், படித்த பள்ளியும் பெற்றோர் தொழிலும் எழுதிய படிவமும் பெங்களூருக்குப் போகும். தனப்பிரியா உட்கார்ந்தாள். முழுப் பக்கத்தையும் பட்டறையில் பேசுவதுபோல உதட்டால் மட்டும் வாசித்தாள். குரல் எழுப்பவே இல்லை.

ஒரு வாரத்தில் மதிப்பெண் தாள் வந்தது. அழுத்தம் ஒன்பது, ஏற்ற இறக்கம் எட்டு, உயிரொலி பதினொன்று, மெய்யொலி பதின்மூன்று. மொத்தம் நூற்றுக்கு நாற்பத்தொன்று. கீழே குறிப்பு: தாய்மொழியின் தாக்கம் மிகுதி, குரல் தேவைக்கு மேல் உரத்து ஒலிக்கிறது.

ஹெட்போன் அறையைத் திறந்துவைக்கத் தீனதயாளன் நேரில் வந்த அன்று, தாளாளர் அறைக்குள் அந்தத் தாளோடு போனாள்.

"மார்க்கப் பாத்தயாம்மா? திங்கக்கெழமையிலிருந்து ஹாஸ்டலப் பாத்துக்க" என்றார் கைலாசம்.

"அதுக்கு முன்னால நான் வாசிச்சத ஒருக்கா போட்டுக் காட்டச் சொல்லுங்க சார். எங்க தப்புன்னு தெரிஞ்சுக்கறேன்."

"அதெல்லாம் டெக்னிக்கல் மேடம். உங்களுக்குப் புரியாது" என்றார் தீனதயாளன்.

"போடுங்க சார், இந்தப் புள்ளயும் கேட்டுக்கட்டும்" என்று தாளாளர் சாய்ந்து உட்கார்ந்தார்.

பதிவு ஓடியது. மின்விசிறியின் இரைச்சல். நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. கைலாசம் வழக்கம்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அரை நிமிடம் கழித்துத்தான் நிறுத்தினார்.

"சத்தத்தக் கூட்டுங்க சார்."

"ஃபுல்லாத்தான் இருக்கு."

"நான் பேசவே இல்லீங்க" என்றாள் தனப்பிரியா. "வாய மட்டும் அசைச்சேன். கொரலு அதிகம்னு சார் எழுதியிருக்காரு. எந்தக் கொரலுங்க?"

"ஃபைல் கரப்ட் ஆகியிருக்கும்."

"அப்பறம் நாப்பத்தொண்ணு எதுக்குங்க சார் போட்டீங்க?"

தீனதயாளன் கைபேசியை எடுத்து அதில் எதையோ தேடினார். கைலாசத்தின் முகம் சிவந்தது. கேட்காமலே மதிப்பெண் போட்டவன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். கோபம் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவள்மேல் பாய்ந்தது.

"நிர்வாகத்தையே சோதிக்கறயா நீ?"

"சோதனை வெச்சது நீங்கதானுங்க."

"மார்க் மாறாது. ஒண்ணு ஹாஸ்டலு, இல்லாட்டி வெளிய."

"வெளியவே போறனுங்க. இந்தத் தாளு என்கிட்டயே இருக்கட்டும்."

திருட்டைப் பிடித்துக் கொடுத்தவளுக்குத் தண்டனை, திருடனுக்கு மதியம் பிரியாணி விருந்து. நம் கல்வி நிறுவனங்களின் ஒழுக்கம் இது. இதே வளாகத்தின் வாசலில் வாய்மையைப் பற்றி ஆளுயரத்துக்கு எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆசிரியர் அறையில் சுகன்யா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். போன ஆண்டு நாற்பத்து மூன்று வாங்கி ஹாஸ்டலுக்குத் தள்ளப்பட்டவள் அவள்.

"நான் அந்த அஞ்சு நிமிசமும் தொண்ட வறள வாசிச்சேன் பிரியா" என்றாள். பிறகு மணி அடித்தது. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஹாஸ்டல் பக்கம் போய்விட்டாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனப்பிரியா வெளியே வந்தபோது புதிய அறையில் ஆறாம் வகுப்பு 'பி' உட்கார்ந்திருந்தது. கண்ணாடி ஜன்னல் மூடியிருந்தது. முப்பது பிள்ளைகள், முப்பது ஹெட்போன். முதல் வரிசையில் இருந்த தமிழினிதான் அவளைப் பார்த்தாள். பையையும் பார்த்தாள். அப்புறம் குரல் இல்லாமல், உதட்டை மூன்று முறை குவித்து அந்த வாக்கியத்தைச் சொன்னாள். பல் தெரியவில்லை. பக்கத்து இருக்கையும் சொன்னது. பின் வரிசையும் திரும்பியது.

மேற்பார்வைக்கு நின்ற ஆள் ஒவ்வொரு திரையாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். எந்தத் திரையிலும் குரல் பதிவாகவில்லை.

"யாரும் வாயத் தொறக்க மாட்டீங்களா? ரிபீட் பண்ணுங்க" என்று அதட்டினார்.