நம்பத்தகுந்த வட்டாரம்

தொலைக்காட்சி நிலையத்தின் ஒப்பனைக்காரி, நேரலையின் நடுவே தொகுப்பாளர் முகத்தில் பவுடர் டப்பாவை வீசி அடித்தாள் என்று ஊரெல்லாம் பேச்சு. கண்ணால் கண்டவர் யாரென்று விசாரித்தால் ஒருவருமில்லை. எல்லோருக்கும் கண்டதாகச் சொன்ன ஒரு மச்சான் மட்டும் இருந்தான். ஒளிப்பதிவாளரையும், கடைசியில் அவளையுமே கேட்டுத் தெரிந்துகொண்டது இது: டப்பா அவள் கையை விட்டுப் போகவே இல்லை.

தொகுப்பாளருக்கு நிலையத்தில் 'கேள்வியண்ணன்' என்று பெயர். எதையும் அடித்துச் சொல்ல மாட்டார். "இப்படியாமே, உண்மையா? நான் கேக்கிறேன், அவ்வளவுதான்" என்பார். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார். தூக்கம் கெடுவது மற்றவர்களுக்கு.

அன்று மாலை அவருக்குப் பூசி முடித்து அரங்குக்கு அனுப்பிவிட்டு, தூரிகைகளைத் துடைத்தபடி அவள் சுவரிலிருந்த தொலைக்காட்சியில் அவரைப் பார்த்தாள்.

"நம்ம குடிதண்ணியில தூக்க மருந்து கலக்குறாங்களாமே? ஜனங்க வாயத் திறக்காம கிடக்கட்டும்னா? நீரேற்று நிலையத்துல வேலை பாக்கிறவரோட குடும்பத்துலயே சொல்றதா நம்பத்தகுந்த வட்டாரம் சொல்லுது."

அவள் கை அப்படியே நின்றது. அந்த வட்டாரம் அவள்தான்.

ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் ஏதாவது பேசிக்கொண்டே இருந்தால்தான் முகம் தளரும், பூச்சு படியும். அப்படித்தான் போன வாரம், "மத்தியானமானா கண்ணச் சொக்குது சார். பம்ப்புல நிக்கிறது என் தம்பிதான், தண்ணியில என்னத்தக் கலந்து விடுறானோ" என்று சொல்லிச் சிரித்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. ஏனென்று இப்போது புரிந்தது.

அரை மணி நேரத்துக்குள் அலைபேசி அதிர்ந்தது. தம்பி.

"அக்கா, பம்ப் ரூமுக்கு வெளியே பெரிய கூட்டம். கல்லோட நிக்கிறாங்க."

"கதவப் பூட்டினியா?"

"பூட்டினேன். பூட்டினதால, பாத்தியா எதையோ மறைக்கிறான்னு கத்துறாங்க."

"போலீஸ்?"

"வந்துட்டே இருக்காங்களாம். அதுவரைக்கும் கதவு தாங்கணுமே."

இரும்பில் ஏதோ மோதும் சத்தம் கேட்டது.

விளம்பர இடைவேளையில் அரங்குக்குள் போய்த் தொகுப்பாளரைத் தொடும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான். இணைப்பைத் துண்டிக்காமலே பவுடர் டப்பாவோடு ஓடினாள். பஞ்சை அவர் உதட்டின் மேல் அழுத்தினாள். நாடே அடக்க முடியாத வாய் அடங்கியது.

"அசையாதீங்க சார். நீங்க சொன்னது என் தம்பிய. நான் விளையாட்டுக்குப் பேசினது அது. இப்ப அவன உள்ள வச்சுக் கதவ உடைக்கிறாங்க."

பஞ்சை எடுத்ததும், "நான் முடிவா ஒண்ணும் சொல்லலையேம்மா. கேள்விதானே கேட்டேன்" என்றார்.

"பதில் வாங்கத்தான் கல்லோட வந்திருக்காங்க."

"நிகழ்ச்சி முடியட்டும், பேசலாம்."

அவள் அலைபேசியை அவர் காதில் வைத்தாள். "அக்கா, கீல் ஆடுதுக்கா... அக்கா, இருக்கியா?"

அவர் நெற்றி வேர்த்தது. அவள் துடைக்கவில்லை. அரங்க மேலாளர் கையை ஆட்டி ஆட்டி விலகச் சொன்னார்.

"திருத்திச் சொல்றேன்னு சொல்லுங்க, நகர்றேன்."

"சொல்றேன், போம்மா."

அதற்குள் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. நேயர்கள் கண்டது, டப்பாவோடு திரையை விட்டு நழுவிய ஒரு கையை. மிச்சத்தை மச்சான்கள் பார்த்துக்கொண்டார்கள்.

"சிலர் என் கேள்வியத் தவறாப் புரிஞ்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தார் கேள்வியண்ணன். கேமராவின் பக்கத்தில் அவள் அலைபேசியை நீட்டியபடி நின்றாள். அவர் நிறுத்தினார்.

"இல்ல. தப்பு என்னுது. ஒப்பனை அறையில காதுல விழுந்த ஒரு வேடிக்கைப் பேச்சு அது. நான் யாரையும் விசாரிக்கல, எங்கிட்ட ஆதாரமும் இல்ல. அங்க நிக்கிறவங்க தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க. நாளைக்கு நானே வந்து அந்தத் தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கிறேன்."

அலைபேசிகளில் அதைப் பார்த்த கூட்டத்தில் பாதி கலைந்தது. மீதிப் பாதி, "பாவம், மிரட்டிச் சொல்ல வச்சிட்டாங்க" என்று அவருக்காக இரக்கப்பட்டு, போலீஸ் வரும்வரை கல்லெறிந்தது. கதவு ஒற்றைக் கீலில் தாங்கியது. ஜன்னல் கண்ணாடி பட்டுத் தம்பிக்குப் புருவத்தில் தையல்.

மறுநாள் கேள்வியண்ணனுக்குப் படப்பிடிப்பு. அதற்கடுத்த நாள் தொண்டை வலி.

"என்னம்மா, இப்பல்லாம் பேசவே மாட்டேங்கிற?" என்று நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார்.

"உங்ககிட்டப் பேசினா ஊருக்கே பேசின மாதிரி சார்."

"கட்டாயம் வர்றேன்னு தம்பிகிட்டச் சொல்லு."

அவள் சொல்லவில்லை. தம்பியும், யார் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்கிறான். ஆனாலும் வெளியே கார்ச் சத்தம் கேட்டால் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்.