மார்லிஸ் போட்ட கையெழுத்து

பீல் நகரத்து முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் மார்லிஸுக்கு இது இருபத்தோராவது வருடம். கணவனைப் பிரிந்து வந்தபோது அவளிடம் இரண்டு பெட்டியும் ஒரு பூனையும்தான் இருந்தன. வாடகை வீட்டுக்கோ மூன்று மாத முன்பணம் கேட்டார்கள். பணமில்லாதவர்களுக்கு ஒரு காப்பீட்டுப் பத்திரம் உண்டு. வருடாவருடம் கட்டணம் கட்டினால் முன்பணம் வேண்டாம். அதை வாங்கினாள். காசுள்ளவன் வங்கியில் போட்ட முன்பணம் ஒருநாள் அவனிடமே திரும்பி வரும். இல்லாதவள் கட்டியது போனது போனதுதான். இதில் வெட்கப்பட வேண்டியது யார்? வெட்கப்பட்டதென்னவோ மார்லிஸ்தான். பத்திரத்தைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை, லிண்டிட்டாவைத் தவிர.

கொசோவோவிலிருந்து வந்த லிண்டிட்டா பக்கத்து மேஜையில் இஸ்திரி போடுகிறவள். அவள் வீடு தேடியபோது மார்லிஸ்தான் தைரியம் சொன்னாள். “நீயும் அதையே எடு. காப்பீடுதானே? எது கெட்டாலும் அவங்க பாத்துப்பாங்க.”

இந்த மார்ச்சில் மார்லிஸ் வீடு மாறினாள். குழாயின் உப்புக்கறையைக் காடி ஊற்றித் தேய்த்தாள். ஊர் வழக்கப்படி ஆணித் துளைகளைப் பற்பசையால் அடைத்தாள். வீட்டு நிர்வாகி லூத்தி சுவரை முகர்ந்து பார்த்தார்.

“சுவர் பல் தேய்ச்சிருக்கு போல, புதினா வாசனை வருதே!”

வீடு முழுக்கப் புதுப் பெயிண்ட், செலவு வாடகைதாரருடையது என்று எழுதி நீட்டினார். காப்பீடு இருக்கிற தெம்பில் அவள் படிக்காமலே கையெழுத்திட்டாள்.

பிறகு கடிதம் வந்தது. பெயிண்ட் செலவை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டோம், இனி நீங்கள் எங்களுக்குக் கொடுங்கள் என்றது காப்பீட்டு நிறுவனம். இத்தனை வருடமும் அவள் பணம் கட்டிக் காத்தது வீட்டுக்காரரைத்தான். வாடகைதாரர் சங்கத்துப் பெண் காகிதங்களைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்: “பத்து வருஷத்துக்கு மேல ஆன பெயிண்டுக்கு நீங்க ஒண்ணுமே தர வேண்டாம். உங்க வீட்டுது பதிமூணு வருஷம். ஆனா ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டீங்களே.”

கடிதம் மார்லிஸின் மேலங்கிப் பையிலேயே கசங்கியது. மதியச் சாப்பாட்டில் ஒருநாள் லிண்டிட்டா சிரித்தாள்.

“நாளைக்கு வீட்டை ஒப்படைக்கிறேன். பேஸ்ட் மூணு ட்யூப் காலி! உன் புண்ணியத்துல எனக்குப் பயமே இல்லடி.”

மார்லிஸ் சூப்போடு சொல்லையும் விழுங்கினாள்.

மறுநாள் காலை பக்கத்து மேஜை காலியாக இருந்தது. மார்லிஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டு லிண்டிட்டாவின் வீட்டுக்கு ஓடினாள். இரண்டாம் மாடியில் அதே லூத்தி. லிண்டிட்டாவின் கையில் பேனா.

“போடாதடி!”

“ஏன்? காப்பீடு பாத்துக்கும்னு நீதானே சொன்னே?”

“தப்பாச் சொல்லிட்டேன். அவங்க கொடுத்துட்டு நம்மகிட்டயே வாங்கிப்பாங்க. பத்து வருஷத்துக்கு மேல ஆன பெயிண்டுக்குக் காசே தர வேண்டாமாம். நான் படிக்காம கையெழுத்துப் போட்ட முட்டாள். இந்தா, பாரு.”

லூத்தி பார்க்கப் பார்க்கக் கடிதத்தை நீட்டினாள். காது வரை சுட்டது.

லிண்டிட்டா தேதியைப் படித்தாள். “அஞ்சு வாரம் ஆச்சு. அஞ்சு வாரமா என்கூட உக்காந்து சாப்பிட்டிருக்கே.”



லிண்டிட்டா பேனாவை மூடினாள். “சார், இங்க பெயிண்ட் அடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு?”

லூத்தி தாள்களைப் புரட்டினார், தேவைக்கு மேல் நேரமெடுத்து. லிண்டிட்டா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மார்லிஸின் பக்கம் திரும்பவில்லை. மார்லிஸ் போகவும் இல்லை.