வெயில் போதும் என்று எழுதினேன்

டாக்டர், எங்கள் மெடிக்கல் ஆபீசராக இருந்து கஸ்தூரிக்குப் போக வேண்டிய மாத்திரையை நிறுத்தியது நீங்கள். வாயை மூடிக்கொண்டு அதற்குக் கையெழுத்துப் போட்டது நான்.

பழவேற்காட்டு மீனவக் குப்பங்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எத்தனை பிரசவம் பார்த்தேன் என்று பெருமை பேச வரவில்லை. செய்த தப்பைச் சொல்ல வந்திருக்கிறேன்.

1. ஸ்டாக் வந்த வாரம்

கர்ப்பிணிகளுக்கென்று வைட்டமின் டி மாத்திரை வந்தது. எல்லாருக்கும் பத்தாது. வெயில் படாமல் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு முதலில் கொடுப்பது என்று மெடிக்கல் ஆபீசர் மீட்டிங்கில் பட்டியல் போட்டார். அதில் எங்கள் குப்பம் இல்லை.

"குப்பத்துக்கு இல்லியா சார்?" என்று கேட்டேன்.

"ஏன் சிஸ்டர், கடற்கரையில இருக்கறவங்களுக்குப் போய் வெயிலை மாத்திரையா குடுப்பாங்களா? அப்புறம் மீனுக்கும் குடுக்கணும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கர்ப்பிணி கார்டில் 'தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தப் பெண் என்ன வேலை செய்கிறாள் என்று எழுத வேண்டிய இடம் அது. நாங்கள் புருஷன் வேலையைத்தான் எழுதுவோம். யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை, எல்லாரும் அப்படியே எழுதினோம். கஸ்தூரியின் புருஷன் ஏழுமலை கடலில் வலை போடுகிறவன். அதனால் அவள் கார்டில் 'மீன்பிடி' என்று எழுதினேன். மாத்திரை தராததற்குக் காரணம் எழுதும் தாளில் அவள் பெயருக்கு நேரே 'வெயில் போதும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2. அவளே சொன்னாள்

கஸ்தூரி வலையைத் தொட்டவளே இல்லை. விடிவதற்கு முன்னால் டச்சுக் கல்லறைப் பக்கம் வேன் வந்து நிற்கும். குப்பத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு மீஞ்சூர்ப் பக்கம் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகும். ஜன்னல் இல்லாத ஹால், டியூப் லைட், ஐஸ் தண்ணி. தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, முட்டி வரைக்கும் பூட்ஸ். இருட்டிய பிறகுதான் திரும்பக் கொண்டுவந்து இறக்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியே உட்கார்ந்தால், "மாசமா கீற பொம்பள, வெயில்ல இன்னா வேலை உனக்கு?" என்று மாமியார் உள்ளே துரத்திவிடுவாள்.

ஏழாவது மாதம் ஒருநாள் லீவு போட்டுவிட்டு செக்கப்புக்கு வந்தாள். பாயிலிருந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நர்சக்கா, இடுப்பு எலும்பே நோவுதுக்கா. வேன் படி ஏற முடில."

"நாளெல்லாம் ஐஸ்ல நின்னா நோவாம இன்னா பண்ணும்?"

"பொன்னேரில இன்னாவோ வெயில் மாத்திரைனு குடுக்கறாங்களாமே, எனக்கு இல்லியா?"

"கடலுக்கு எதுர்ல குந்திகினு வெயில் கேக்கறியே, உனக்கே நல்லாக்கீதாடி?"

"கடலு எங்க வூட்டுக்காரருக்குக்கா. நான் சூரியனைப் பாத்தே நாலு மாசமாச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வாயாடி என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பினேன். நோய் எங்கே இருக்கிறது என்று அவளே சொல்லிவிட்டாள். அதை நான் கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷ அனுபவம் எனக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

3. இரண்டே கேள்வி

பெண் குழந்தை பிறந்தது. ஒரு வயது முடிவதற்குள் வீசிங் ஆரம்பித்தது. மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போகும். மாதம் தவறாமல் பொன்னேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், நெபுலைசர் வைப்பார்கள். ஒருமுறை நானும் கூடப் போனேன்.

அங்கே இருந்த குழந்தை டாக்டரம்மா கஸ்தூரியிடம், "நீ என்னம்மா வேலை பாக்கறே?" என்றார்.

"இறால் உரிக்கறேன்மா."

"உள்ளேயா, வெளியிலயா?"

அந்த இரண்டு கேள்வியை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்போதே தாய்க்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். வைட்டமின் டி மிகவும் குறைவு. மருந்து ஆரம்பித்துச் சில மாதங்களில் கஸ்தூரி சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள்.

பிள்ளைக்கு இழுப்பு வந்தது இதனால்தானா என்று கேட்டேன். "தாய்க்குக் குறைஞ்சா பிள்ளைக்கு இழுப்பு வர்றதுக்கு வாய்ப்பு கூடலாம்னு சொல்றாங்க. உறுதியா சொல்ல முடியாது. அடுப்புப் புகையாலயும் வரும், வேற எதனாலயும் வரும்" என்றார் டாக்டரம்மா. நானும் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அவளுக்கு எலும்பு நொந்தது நிச்சயம், நான் மாத்திரை கொடுக்காததும் நிச்சயம். கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை நன்றாக மூச்சு விட்டிருக்குமோ என்பது எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை.

4. இப்போது

கஸ்தூரி மறுபடியும் மாசமாக இருக்கிறாள். வேன் இன்னும் ஓடுகிறது. போன வாரம் அவள் கார்டை வாங்கிப் பார்த்தேன். புது நர்ஸ் எழுதியிருக்கிறாள்: தொழில், மீன்பிடி. பட்டியலிலும் குப்பம் கிடையாது.

நேராக மெடிக்கல் ஆபீசரிடம் போனேன். அவர் பழைய ஃபைலை எடுத்து என் முன்னால் திருப்பினார். "'வெயில் போதும்'னு எழுதினது யாரு சிஸ்டர்? கையெழுத்து உங்களுதுதானே?"

என்னுடையதுதான். ஃபைலை மூடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பிள்ளைகளே, தொழில் கட்டத்தில் புருஷனை எழுதாதீர்கள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய், எங்கே நிற்கிறாய், எப்போது வீடு திரும்புகிறாய் என்று அவளிடமே கேட்டு எழுதுங்கள். மேலே இருப்பவர் ஜோக் அடித்தால் சிரிப்பதற்கு முன்னால் யோசியுங்கள்.

டாக்டர், கஸ்தூரி ஒருத்திக்கு வெளியே மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாம். அவளோடு வேனில் ஏறும் மற்ற கர்ப்பிணிகளுக்கு யார் கொடுப்பது? வரும் ஞாயிற்றுக்கிழமை குப்பத்தில் ஊர்க்கூட்டம். கம்பெனிக்கு லீவு, பெண்கள் எல்லாரும் இருப்பார்கள். நான் முன்னால் நின்று, அது என் கையெழுத்து, என் தப்பு என்று சொல்லப்போகிறேன். நீங்களும் வாருங்கள். ஃபைலைக் கொண்டுவர வேண்டாம். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: இந்தத் தடவை இவர்களுக்கு மாத்திரை உண்டா, இல்லையா?