மாரிஸ் அண்ணனின் கடல்வழி அட்டவணை

முப்பத்து நான்கு வருடம் ரயில் ஓட்டியவர் மாரிஸ் அண்ணன். பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து, பணி ஓய்வுக்குப் பிறகும் அங்கேயே ஒரு அடுக்குமாடியில் மனைவியோடு குடியிருப்பவர். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இருக்கும் என் பட்டறைக்குக் கொமுட்டர் ரயிலில்தான் வருவார். வந்ததும் முதல் வேலை, அன்றைக்கு ரயில் ஓட்டிய ஆளைத் திட்டுவது. "பிரேக் போடுறானா, மாட்டைப் புடிச்சு இழுக்குறானா தம்பி?" என்பார். அதற்கப்புறம்தான் காப்பி.

என் பெயர் குகன். படகு இன்ஜின் மெக்கானிக். புதிதாகக் கடலுக்குக் கிளம்புகிற ஆட்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யூடியூபில் நாலு வீடியோ பார்த்திருப்பார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் வாங்கியிருப்பார்கள். நீச்சல் மட்டும் தெரியாது. மாரிஸ் அண்ணனும் அந்த ரகம்தான், நான் மறைக்கவில்லை. ஆனால் அவரை விரட்ட எனக்கு மனசு வரவில்லை. காரணம், அவர் போக நினைத்த காரணம்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் மனைவி பெர்னடெட் அக்காவுக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு மணி நேரம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், முடி கொடுக்கிறேன் என்று வேண்டியிருந்தால் வேலை சுலபம். மனிதர், சொந்தப் படகில் கடல் வழியாக வருகிறேன் என்று வேண்டிவிட்டார். புயலில் சிக்கிய கப்பல்காரர்களைக் கரைசேர்த்த மாதாவுக்கு அதுதான் பிடிக்கும் என்று தோன்றியதாம். அக்கா பிழைத்துக்கொண்டார். நேர்ச்சை அண்ணன் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

யாரோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். இன்ஜினை நான் சரிசெய்து கொடுத்தேன். ஒருநாள் கோடு போட்ட தாளில் அட்டவணை எழுதிக்கொண்டு வந்தார். ஆகஸ்ட் பதிமூன்று காலை 7.10, போர்ட் கிள்ளான் புறப்பாடு. ஆகஸ்ட் இருபத்தெட்டு மாலை 4.40, வேளாங்கண்ணி வருகை.

"அண்ணே, ஆகஸ்ட்ல காத்து எதிர்ல அடிக்கும்லா. வங்கக் கடல் கொதிச்சுக்கிட்டு இருக்கும். பிப்ரவரில போங்க."

"மாதா கோயில் கொடியேத்தம் பிப்ரவரியிலயா வருது? ஆகஸ்ட் இருபத்தொம்பது தம்பி."

கூடப் போக ஒரே ஆள், ரெங்கசாமி அண்ணன். இருபது வருடம் அதே ரயில்களில் கார்டாக இருந்தவர். ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். "அவன் முன்னால போனா நான் பின்னால போகணும். பழகிப்போச்சு" என்றார்.

புறப்படும் நாள் காலை, படகு கட்டியிருந்த ஜெட்டியில் அண்ணன் படகுக்குத் தீர்த்தம் தெளித்தார். ரெங்கசாமி அண்ணன் தேங்காய் உடைத்தார். பெர்னடெட் அக்கா கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு, கையை விடாமல் நின்றார்.

"எனக்கு உயிர் கேட்டீங்க, மாதா குடுத்துட்டா. அதை வச்சுக்கிட்டு நான் யாரோட வாழறது?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மாதா பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். மணி சரியாக 7.10. அக்காவை ரயிலுக்குப் போகச் சொல்லிவிட்டு நான் பட்டறைக்கு நடந்தேன். மனசே சரியில்லை.

ஒன்பது மணிக்கு ஃபோன். "தம்பி, இன்ஜின் ஃபெயில். பயப்படாதே, நிறுத்தியாச்சு."

குரல் அவ்வளவு நிதானமாக இருந்தது. ரயிலில் பழுது வந்தால் அப்படித்தான் செய்வார்கள். நிறுத்து, கண்ட்ரோலுக்குச் சொல்லு, காத்திரு. இப்போது நான்தான் கண்ட்ரோல்.

"அண்ணே, கரையில ஏதாவது ஒரு மரத்தப் பாருங்க. நகருதா?"

"நகருது தம்பி... நாங்க நிக்கலையா?"

"தண்ணி வடியுதுண்ணே. வெளிய இழுத்துக்கிட்டுப் போகுது. நங்கூரத்தப் போடுங்க!"

"ரெங்கா, நங்கூரம்!" என்று கத்துவது கேட்டது. தொப்பென்று ஒரு சத்தம். பிறகு அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "போட்டாச்சு. ஆனா கயிறும் கூடவே போயிடுச்சு."

கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்ட வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அழகாகச் சுருட்டி வைத்தவன் நான். என் ஊர் மீனவனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். வாழ்நாள் முழுக்கத் தண்டவாளத்தில் இருந்தவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். டீசல் டாங்கின் அடியில் கிடந்த கசடையும் நான் கழுவவில்லை. அதுதான் கலங்கி வந்து ஃபில்டரை அடைத்திருக்கிறது. இரண்டும் என் தப்பு.

பட்டறை ஃபோனில் மீட்புப் படைக்குச் சொல்லிவிட்டு, பின்னால் கால்வாயில் நின்ற சீன மீனவன் அ ஹாக்கின் படகில் ஏறினேன். அ ஹாக் ஒன்றும் கேட்காமல் விசையைத் தள்ளினான். அண்ணன் பேசிய என் கைஃபோனை நான் வைக்கவே இல்லை. பாயை விரித்தார்களாம், காற்றில்லாமல் ஈரத் துணி மாதிரி தொங்குகிறதாம். புலாவ் கெத்தாம் தீவும் பின்னால் போய்விட்டதாம்; இனி பெரிய கப்பல்கள் வரும் தடம்.

அப்போது ஹார்ன் சத்தம். ஃபோனிலும் கேட்டது, கடலிலும் கேட்டது. துறைமுகத்துக்கு உள்ளே வரும் கண்டெய்னர் கப்பல். விட்டுவிட்டு ஐந்து முறை, விலகு என்கிற எச்சரிக்கை.

"ஊதுறான் தம்பி," என்றார் அண்ணன். "அவனால நிறுத்த முடியாது. எனக்குத் தெரியும். நானும் அப்படி ஊதியிருக்கேன். தண்டவாளத்துல ஒருத்தன் நின்னான். பிரேக்க முழுசாப் போட்டுட்டு, ஊதிக்கிட்டே போனேன். அவன் என்னையே பாத்துக்கிட்டு நின்னான்."

இத்தனை நாள் பழக்கத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதே இல்லை. நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே கப்பல் வந்துவிட்டது. ஒரு பக்கம் முழுக்க இரும்புச் சுவர்தான் தெரிந்தது. அது கடந்துபோக எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன், மாதாவையும் சேர்த்து.

கப்பல் போன பிறகு, அதன் அலையில் தூக்கித் தூக்கிப் போடப்பட்டுக்கொண்டு அந்தச் சின்னப் படகு தெரிந்தது. பாய்மரத்தை ஆளுக்கொரு பக்கம் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கப்பலின் முன்னலையே படகை ஓரமாகத் தள்ளிவிட்டிருக்கிறது. ஒரு கை தூரம் என்றார் ரெங்கசாமி அண்ணன்.

இருவரையும் எங்கள் படகில் இழுத்து ஏற்றி, அவர்கள் படகைப் பின்னால் கட்டிக்கொண்டோம். தண்ணீர் கொடுத்தேன். மாரிஸ் அண்ணன் வாங்கவில்லை.

"முதல்ல அந்தக் கப்பலுக்குச் சொல்லு தம்பி. மேல இருந்து பாத்தா நாங்க அடியில மறைஞ்சு போயிருப்போம். கொன்னுட்டோம்னு நினைச்சுக்கிட்டு இருப்பான். சொல்லு சீக்கிரம்."

அ ஹாக்கின் ரேடியோவில் கூப்பிட்டேன். சின்னப் படகு பத்திரம், ஆட்கள் எங்களோடு இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கரகரவென்று சத்தம் மட்டும். பிறகு ஒரு அந்நிய நாட்டுக் குரல் மிக மெதுவாகக் கேட்டது: "இரண்டு பேருமா?"

"இரண்டு பேரும்தான், கேப்டன்."

அந்தப் பக்கம் மூச்சை விடுவது கேட்டது. அவ்வளவு நேரம் அழாத மாரிஸ் அண்ணன் அப்போதுதான் ஓவென்று அழுதார். ரெங்கசாமி அண்ணன் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அழுகை அடங்கியதும் என் ஃபோனை வாங்கி அக்காவுக்குப் போட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"பெர்னி, ரொம்பப் பயந்துட்டேன். இனிமே உன்ன விட்டுட்டு எங்கயும் போகல. மாதாகிட்ட நான் பேசிக்கிறேன். ஜெட்டிக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போறியா? எப்ப ரயில் இருக்கு பாரு."

"நான் வீட்டுக்கே போகலையே," என்றார் அக்கா. "காலையில நின்ன இடத்துலயேதான் உக்காந்திருக்கேன். வாங்க."